எட்டு வீட்டுக் கோழிகளுக்கும் ஒரே நாளில் மருந்து

புதன்கிழமை வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு மணி அடிப்பதற்குள் தனலெட்சுமி பெரியம்மா மூன்று முறை கூண்டைத் திறந்து பார்த்துவிட்டார். கறுப்புப் பெட்டைக்கோழி மூலையில் சிறகைத் தொங்கவிட்டு நின்றது. கொண்டையில் சிவப்பே இல்லை. கையில் தூக்கினால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தியது. இரை எடுக்காமல் இருந்தால்கூட ஒரு காரணம் சொல்லலாம். அது மற்ற எல்லாக் கோழிகளையும்விட அதிகமாகத்தான் தின்றுகொண்டிருந்தது.

ரப்பர் விலை விழுந்து, ரெங்கம் ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் பாதி காலியாகிவிட்டிருந்த காலம் அது. கூலி குறைந்து, சோற்றுக்குமேல் எதையும் நினைக்க முடியாத நாட்கள். என் அம்மாவின் அக்காவான பெரியம்மாவிடம் இருந்தவை பதினோரு கோழிகள். அவருடைய மகள் கிருஷ்ணம்மாவுக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிரசவத்துக்குப் பிறகு வெறும் கஞ்சி குடித்துக் குடித்தே அவள் இரண்டு மாதம் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாள். இந்த முறை அப்படி விடுவதில்லை, முப்பது நாளும் மகளுக்குக் கோழிச்சாறு என்று பெரியம்மா முடிவு கட்டியிருந்தார். அதற்காக ஒரு முட்டையைக்கூட வீணாக்காமல் அடைக்கு வைத்து வளர்த்த கோழிகள் அவை.

பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளைக் கழிச்சல் வந்து கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்திருந்தன. அதனால் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் கந்தப்பு ஓர் உத்தரவு போட்டிருந்தார். சனிக்கிழமை அவர் லயத்தைச் சுற்றி வருவார். நோய்க்கோழி ஒன்றைப் பார்த்தாலும் அந்த லயத்துக் கோழிகள் அத்தனையையும் கொன்று எரித்துவிட வேண்டும்.

"ஏ தங்கச்சி, அத இன்னிக்கே அறுத்துப் பொதைச்சிரு" என்றார் பக்கத்து வீட்டு அய்யாவு. "ஒன் ஒரு கோழியால எட்டு வீட்டுக் கூண்டும் காலியாயிரும்."

"சீக்கு என்னன்னு தெரியாம எப்படிண்ணே பொதைக்கிறது? அது போயி மத்ததுக்கும் இருந்துச்சுன்னா?"

"நீ என்ன, கோழிக்கு டிரெஸ்ஸரா?"

அன்று ரப்பர் பால் வெட்டும்போது பெரியம்மாவின் கை மரத்தில் இருந்தது, மனம் கூண்டில் இருந்தது. ஒரு மரத்தில் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. "மரத்த வெட்டுறியா, ஆட்ட வெட்டுறியா?" என்று கங்காணி கத்தினார். பெரியம்மாவுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பாலை நிறுத்துக் கொடுத்ததும் ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தார்.

கூடையைக் கவிழ்த்துத் தனியே அடைத்திருந்த கறுப்புக் கோழியின் எச்சத்தைக் குச்சியால் கிளறினார். வெள்ளைக் கழிச்சல் இல்லை, பச்சைத் தண்ணீர் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். கல்லூரியில் அந்தப் புழுவைக் கண்ணாடிக் குப்பியில் பார்த்திருக்கிறேன், அதன் லத்தீன் பெயரும் தெரியும். பெரியம்மா பின்னாளில் என்னிடம் சொன்ன அடையாளத்தில் ஒன்றுகூடத் தவறில்லை.

புழு என்று தெரிந்தும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரெஸ்ஸர் ஆட்களை வெறும் வயிற்றோடு பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்திக் குடல்பூச்சி மருந்து கொடுப்பார். யாராவது ஒளிந்துகொண்டால் தேடிப் பிடித்துவரச் செய்வார். ஒருத்தரை விட்டால் எல்லாருக்கும் கொடுத்தது வீண் என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. எட்டு வீட்டுக் கோழியும் கிளறுவது லயத்துக்குப் பின்னாலுள்ள அதே சாக்கடையைத்தான். தன் கூண்டுக்கு மட்டும் மருந்து கொடுத்து என்ன பிரயோசனம்?

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கிச் செய்யவேண்டியதைச் சொன்னார். காய்ந்த கொட்டைப்பாக்கை இடித்துச் சலித்துச் சோற்றோடு உருட்டிக் கொடுப்பது, முதல்நாள் பொழுது சாயும்முன்னே இரையை நிறுத்துவது, மறுநாள் மதியம்வரை கூண்டை அடைத்து வைத்து எச்சத்தை வழித்துச் சாம்பலோடு ஆழப் புதைப்பது. விலை விழுந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வெட்டு இல்லை. நாளும் வசதியாக இருந்தது. ஆறு வீடுகள் ஒப்புக்கொண்டன. அய்யாவு மட்டும் மறுத்தார்.

"என் சேவலு முனியாண்டிக்கு விட்டது. சாமிச் சேவலுக்கு மருந்து குடுத்தா தெய்வக்குத்தம்."

"மத்த கோழிக்குக் குடுப்பியாண்ணே?"

"அதுக்குக் குடுக்குறேன். சேவல தொடாத."

"அது ஒன்னு போதுமே, நாளைக்கே சாக்கடை பூரா புழுவப் போட்டுட்டு வந்துரும். வா, சாமியவே கேட்டுருவோம்."

ஆலமரத்தடிச் சூலத்தின் முன்னால் இரண்டு இலைப் பொட்டலங்களை வைத்தார்கள். ஒன்றில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்புப்பூ. வெள்ளை வந்தால் சாமி சம்மதம். அய்யாவு தானே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சிவப்பு.

"பாத்தியா!" அய்யாவுக்கு வாயெல்லாம் பல்.

பெரியம்மா சூலத்தைக் கும்பிட்டார். "சரிண்ணே, மருந்து வேணாம். ஆனா சாமிச் சேவலு சாமிகிட்டயே இருக்கட்டும். இங்கயே கட்டிப் போடு. நான் சொல்றவரைக்கும் லயத்துக்குக் கொண்டாராத."

"யாரு மூணு வேளையும் இம்புட்டுத் தூரம் வந்து தண்ணி வைக்கிறது?"

"நேந்துக்கிட்டது நானா?"

அன்று பொழுது சாயும்போது அய்யாவு முணுமுணுத்துக்கொண்டே சேவலை ஆலமரத்தடியில் கட்டினார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் எட்டு வீட்டிலும் கோழி பிடிக்கிற சத்தம். பெரிய கோழிக்குப் பெரிய உருண்டை, குஞ்சுக்கு மிளகளவு என்று பெரியம்மாவே ஒவ்வொரு கூண்டாகப் போய் அளந்து கொடுத்தார். தன் கூண்டுக்கு வந்தபோது கை களைத்திருந்தது. இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை ஒன்றுக்குப் பெரிய உருண்டையைத் திணித்துவிட்டார். மதியத்துக்குள் அது வாயில் நீர் ஒழுகி, கழுத்து மடங்கிச் செத்தது.

மற்றக் கூண்டுகளில் புழு கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டிருந்தது. ஆனால் இறந்த கோழி ஒன்று இப்போது லயத்தில் இருந்தது. மறுநாள் சனிக்கிழமை.

"இப்பவாச்சும் பொதைச்சிரு" என்றார் அய்யாவு, இந்த முறை குரலைத் தாழ்த்தி. "பொதைச்சது யாருக்குத் தெரியப் போவுது?"

பெரியம்மா குழியும் தோண்டினார். தோண்டிவிட்டு அதன் கரையில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கடைசியில் வெறுங்குழியை மூடினார். புதைத்த பிறகு யாராவது வாய்விட்டால் கழிச்சல் என்றுதான் டிரெஸ்ஸர் எடுத்துக்கொள்வார். கோழியை அறுத்து, குடலை நீளவாக்கில் பிளந்து, ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் ஒன்றில் உப்புத்தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தார்.

சனிக்கிழமை கந்தப்பு மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புக் கோழியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது என்ன பிள்ளை, தூங்கி விழுது? வேறை ஏதும் செத்ததோ?"

"ஒன்னு செத்துச்சுங்கய்யா. பாக்கு மருந்து கூடப் போயிருச்சு, நான்தான் சாகடிச்சேன். வயித்துல என்ன இருந்துச்சுன்னு பாருங்க."

பெரியம்மா மங்குக் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்தார். கந்தப்பு அதைச் சாய்த்துப் பார்த்தார். குடல் முழுக்கப் புழு, கயிறு திரித்த மாதிரி.

"ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?"

"நீங்கதான்யா எங்கள வரிசையா நிக்க வச்சுக் குடுக்குறீங்க. ஒருத்தரையும் விடாம."

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து எச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "கழிச்சல் இல்லை, புழுத்தான் எண்டு எழுதுறன். அந்தக் கறுத்தக் கோழியைத் தள்ளிக் கட்டு. பத்து நாளுக்குள்ளை இன்னொண்டு செத்தாலும் நான் ஒண்டும் செய்யேலாது, விளங்குதோ?"

அந்தப் பத்து நாளும் பெரியம்மா சரியாக உண்ணவில்லை. வெட்டுக்குப் போகுமுன் எண்ணுவார், வந்ததும் எண்ணுவார். பத்து. மறுபடியும் பத்து. கறுப்புப் பெட்டை நான்காம் நாள் சிறகைத் தூக்கியது. ஒன்பதாம் நாள் காலை கிருஷ்ணம்மாவுக்கு வலி கண்டு, வெயில் ஏறுவதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

பெரியம்மா செங்கோழி ஒன்றை அறுத்தார். சுடுநீர் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே, "இன்னும் ஆவலயா?" என்று மருத்துவச்சி கேட்டுக்கொண்டேயிருந்தாள். பெரியம்மா இறகைப் பிடுங்குவதற்கு முன்பே வயிற்றைக் கீறி, குடலை உருவி, வெளிச்சத்தில் விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிப் பார்த்தார்.

சுத்தமாக இருந்தது. அதன் பிறகே அம்மியில் மிளகை வைத்தார்.