நாலில் இரண்டு பேட்டரி

புள்ளியக்கா இப்போது ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். மேசையில் கம்ப்யூட்டர் உண்டு. தொட மாட்டார். யாருக்கு எத்தனை மணி என்று நோட்டில் எழுதுவார். பக்கத்து நாற்காலிப் பெண் பார்த்து டைப் அடிப்பாள். "அக்காவுக்கு மெஷின்னாலே அலர்ஜி" என்று போன வாரம் அவள் என்னிடம் கேலி பேசினாள். அலர்ஜியாம், மண்ணாங்கட்டி! அந்த விரல்கள் ஒரு காலத்தில் போன வேகம் இவளுக்கு என்ன தெரியும்?

அவர் என் அக்காவின் பள்ளித்தோழி. அக்காவிடம் வரைபடம் போடும் கால்குலேட்டர் ஒன்று இருந்தது, மாமா வாங்கித் தந்தது. சமன்பாட்டைக் கொடுத்தால் குட்டித் திரையில் கோடு வளைந்து வரும். அதில் புரோகிராமும் எழுதலாம் என்று கண்டுபிடித்தவர் இந்தத் தோழிதான். அவருக்கென்று மெஷின் கிடையாது. பள்ளி விட்டதும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவார். "இன்னும் ரெண்டு புள்ளி மேல ஏத்துடி" என்று திரையைப் புள்ளி புள்ளியாக எண்ணிக்கொண்டே இருப்பார். பட்டப்பெயர் வைத்தது நான்.

நாலு மாதம் இருவரும் ஒரு விளையாட்டு எழுதினார்கள். நாம் கொடுக்கும் எண்ணுக்குத் தக்கபடி பந்து வளைந்து பறந்து கூடையில் விழ வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பொத்தான் அமுக்கணும், கொஞ்ச நஞ்ச வேலையா? பள்ளிக் கண்காட்சியில் அது நன்றாக அமைந்தால், புள்ளியக்காவைக் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்க்கச் சொல்லி அவர் அப்பாவிடம் பேசுவதாகக் கணக்கு டீச்சர் சொல்லியிருந்தார். அந்த அப்பா லேசில் மசிகிற ஆள் இல்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் இருவரும் சார்ட் பேப்பர் வாங்கக் கடைக்குப் போனார்கள். டி.வி. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தது. எனக்குப் பத்து வயது, கார்ட்டூன் பைத்தியம். கால்குலேட்டரில் நாலு பேட்டரி. கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று புள்ளியக்கா நூறு தடவை சொல்லியிருந்தார். நான்தான் பெரிய அறிவாளியாச்சே! இரண்டுதானே எடுக்கிறோம், மிச்சம் இரண்டு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டு வைத்தேன்.

வந்ததும் புள்ளியக்கா மெஷினை ஆன் செய்தார். புரோகிராம் பட்டியல் காலி. நோட்டில் எழுதியது முதல் மாதத்தோடு நின்றிருந்தது. கடைக்குக் கிளம்புமுன் அவர் பழைய காப்பி ஒன்றை அழித்திருந்தார். அதனால் யாரும் கேட்பதற்கு முன்பே, "நான்தான்டி. பழசை அழிக்கிறேன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன்" என்றார்.

"நாலு மாசம்டி! கண்ண எங்க வச்சிருந்த?" என்று அக்கா கத்தினாள். புள்ளியக்கா விம்மி விம்மி அழுதார். நான் கதவோரம் நின்றேன். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடி விழும் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கம்ப்யூட்டர் பிரிவு பற்றி டீச்சர் கேட்டபோது, "வேணாம் மிஸ், நான் தொட்டா உருப்படாது" என்று அவரே சொல்லிவிட்டாராம்.

இருபத்திரண்டு வருடம் கழித்து, பல் வலிக்குப் போன இடத்தில்தான் அவரைப் பார்த்தேன். அந்த அலர்ஜி பேச்சுக்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னைக்கு நீங்க எல்லாத்தையும் அழிக்கலக்கா. நான்தான் ரிமோட்டுக்கு பேட்டரி எடுத்தேன்."

பேனா நின்றது. "நான் அழுதப்போ நீ அங்கதானே நின்ன?"

"ஆமாக்கா."

"பாத்துக்கிட்டேவா?"

தலையாட்டினேன்.

"அடுப்ப அணைச்சேனான்னு இன்னைக்கும் மூணு தடவ திரும்பிப் போய்ப் பாக்கறவ நான்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போன் போடு. இப்பவே, என் முன்னாடி."

போட்டேன். சொன்னேன். அக்கா உடைந்த குரலில், "அவ பக்கத்துல இருக்காளா? குடுடி" என்றாள்.

போனை நீட்டினேன். புள்ளியக்கா வாங்கவில்லை.

"நான்தான்னு நான் சொன்னா, உடனே நம்பிடுவாளா? நீ அப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்னு ஒரு தடவை சொல்லத் தோணலையா அவளுக்கு?" என்றார், அக்காவுக்கும் கேட்கிற மாதிரி. பிறகு நோட்டைப் பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.