நூற்றுப் பதினான்கு ‘சும்மா’க்கள்

என் அண்ணிக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: சும்மா. யாராவது அதை எழுத்தில் போட்டுவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அந்தக் கோபத்துக்குக் காரணமே நான்தான் என்பதால், கதையை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அண்ணி ஒரு சின்ன நூலகத்தில் புத்தகங்களை வகைபிரித்து அடுக்குகிறவர். நான் நூலகங்களுக்காக ஒரு மென்பொருள் எழுதியவன். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று அது சொல்லும். இலவசம்தான். மூலநிரலையும் திறந்தே வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். முப்பத்து நான்கு நூலகங்கள் எடுத்துக்கொண்டன. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது மட்டும் பாதி என் மண்டைக்குள் இருந்தது. மீதி, பழைய மின்னஞ்சல்களிலும் அரட்டைக் குழுக்களிலும் மூலைக்கொன்றாகக் கிடந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் என் குறிப்பை நம்பி அண்ணி புதிய பதிப்புக்கு மாறினார். “சும்மா ஒருமுறை அப்டேட் கொடுத்தால் போதும்” என்று எழுதியிருந்தேன். அதற்குமுன் பதிவுகளை நகலெடுத்து வைக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்த விஷயம், அதனாலேயே எழுதவில்லை. பதினோராயிரம் புத்தகங்களின் பதிவுகள் ஒரே நொடியில் போய்விட்டன. அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏழு மாதம் ஒவ்வொரு புத்தகமாகக் கையில் எடுத்து மறுபடியும் தட்டினார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

இந்த வருடம் எனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை என்று முடிவானது. மூன்று வாரம் திரைப் பக்கமே போகக் கூடாது. அந்த மூன்றில் நடு வாரத்தில்தான் எல்லா நூலகங்களும் அடுத்த பதிப்புக்கு மாறியாக வேண்டும். தேதியைத் தள்ளவும் வழியில்லை, நூலகங்கள் இணைந்திருக்கும் பழைய சர்வரை அதை நடத்தும் நிறுவனம் மூடப்போகிறது.

“முப்பத்து நாலு பேரும் எனக்குத்தான் போன் பண்ணுவாங்க அண்ணி.”

“பண்ண மாட்டாங்க. உன் தலையில இருக்கறத எல்லாம் வெளிய எடுத்து வெச்சுட்டா, எதுக்குப் பண்ணப் போறாங்க? இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. உக்காரு.”

உட்கார்ந்தேன். தினமும் அண்ணி நூலகம் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஆரம்பிப்பார். சிதறிக் கிடந்ததை எல்லாம் ஒரே கையேடாக்க அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றையே நாலு இடத்தில் நாலு விதமாக நான் எழுதியிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தார். மென்பொருளின் பாகங்களின் வரிசையில் நான் வைத்திருந்த தலைப்புகளைப் பார்த்துச் சிரித்தார்.

“சமையலறை எங்கன்னு கேட்டா, சுவத்துல எத்தனை செங்கல்னு சொல்றியே தம்பி!”

தலைப்புகள் எல்லாம் கேள்விகளாக மாறின. புத்தகம் தொலைந்தால் என்ன செய்வது? ஒரே புத்தகம் இரண்டு முறை பதிவாகிவிட்டால்?

பிறகு அந்தச் சொல்லைத் தேடினார். நூற்றுப் பதினான்கு இடங்களில் இருந்தது.

“இது இருக்கற இடத்துல எல்லாம் நீ ஒரு வேலைய முழுங்கியிருக்க.”

எனக்குச் சுருக்கென்றது. “அது பேச்சு வாக்குல வர்றது அண்ணி, அதுக்குப் போய்...”

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தொண்ணூற்றொரு இடத்தில் ஒரு படி விட்டுப்போயிருந்தது. அத்தனையையும் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தேன்.

கையேடு முடிந்ததும் பஸ் ஓட்டும் என் அண்ணனைப் பிடித்து உட்காரவைத்தார். அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஒவ்வாது. எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும், வாய் திறந்து எதுவும் கேட்கக் கூடாது என்பது உத்தரவு. “காத்திருக்கவும்” என்ற வரி வந்ததும் கையைக் கட்டிக்கொண்டார். நாற்பது நிமிடம் அசையவில்லை.

“டேய், நான் எதுக்குடா காத்துட்டிருக்கேன்?”

ஒரு பொத்தானை அழுத்தச் சொல்ல மறந்திருந்தோம். அண்ணி அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதினார். அண்ணனைத் திரும்ப உட்காரவைத்தார். ஆறு முறை! பாவம், பயணிகளிடம்கூட அந்த மனிதர் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

கடைசியாக ஒரு சண்டை. கையேட்டின் முதல் வரியாக அண்ணி இப்படி எழுதியிருந்தார்: “நகலெடுக்காமல் மாறியதால் ஒரு நூலகம் பதினோராயிரம் பதிவுகளை இழந்தது. முதலில் நகல் எடுங்கள்.”

“அத எடுத்துடுங்க அண்ணி. எனக்கு அசிங்கமா இருக்கு.”

“யாரு தப்புன்னு போடல. என்ன நடந்துச்சுன்னுதான் போட்டிருக்கேன். ஏழு மாசம் தட்டினவ நான். அது இருக்கும்.”

இருந்தது.

மாறும் வாரம் வந்தது. ஒரு கண்ணில் கட்டோடு நான் படுத்திருந்தேன். தலைமாட்டில் போன். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, ஒரு அழைப்புகூட இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று அண்ணனை என் எண்ணுக்கு அழைத்துப் பார்க்கச் சொன்னேன். நன்றாகத்தான் அடித்தது.

புதன்கிழமை அண்ணி எனக்கு மருந்து விட வந்தபோது போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டார். தூரத்து ஊர் நூலகத்தின் உதவியாளர் ஒருவர்.

“மாத்திட்டிருக்கும்போது நடுவுல கரண்ட் போயிடுச்சுங்க. திரும்ப வந்து பாத்தா ஒரு பதிவையும் காணோம்.”

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணி மருந்துப் புட்டியைக் கீழே வைத்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் என்னங்க, முதல் வரியப் பாத்துட்டு நகல் எடுத்து வெச்சிருந்தோம்ல. மூணாம் பக்கத்துல இருந்தபடி மீட்டுட்டோம். பத்தொன்பதாயிரமும் அப்படியே இருக்கு.”

“சரி, இப்ப எந்த இடத்துல சந்தேகம்?” என்றார் அண்ணி.

“சந்தேகமா? ஒண்ணும் இல்லைங்க. சும்மாதான் கூப்பிட்டேன்.”

அண்ணி போனை வைத்தார். ஏழு மாதம் அழாதவர் அன்று அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் இமையை விரித்துப் பிடித்தார்.

“இந்த ஒரு சும்மா மட்டும் இருந்துட்டுப் போகட்டும்.”