இரவு மாத்திரை

அன்புக்கரசிக்கு வாய் நீளம். செஞ்சியில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பயப்படாதவர்கள்கூட அவளுக்குப் பயப்படுவார்கள். எச்.ஐ.வி. இருக்கிற கர்ப்பிணிகளை மாத்திரை போடவைத்து, பிரசவம் வரை கூட நிற்பது அவள் வேலை. திட்டுவதென்றாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் திட்டுவாள். ஒரு பெயர்கூட வெளியே கசியாது.

அவளுக்கும் அதே நோய்தான், புருஷன் கொடுத்துவிட்டுப் போனது. பெற்ற பெண் குழந்தையும் அதிலேயே போயிற்று. இதற்கு மருந்து இருக்கிறது என்று அப்போது அவளுக்குச் சொல்ல ஆளில்லை. தினம் ஒரே ஒரு மாத்திரையில் வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்கிற காலத்தில் ஒருத்தி அதைப் போடாமல் விட்டால், அன்புக்கரசிக்குப் பற்றிக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

ஜினிஷா அப்படித்தான் வந்து மாட்டினாள். வல்லம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்யும் சமணக் குடும்பத்து மருமகள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். அவளுக்கும் புருஷன் ஸ்ரேயாம்சுக்கும் நோய் இருப்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மூன்று மாதமாக மாத்திரை வாங்கிப் போகிறாள், ரத்தத்தில் கிருமி மட்டும் குறைந்தபாடில்லை.

"இன்னாம்மா, மாத்திரைய வாயில போடுறியா, சாக்கடைல போடுறியா?"

"போடுறேங்க்கா."

"எங்கிட்டயே கத வுடாத. ரத்தத்துல தெரியுது."

ஜினிஷா தலை குனிந்தாள். அன்புக்கரசி மிரட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். கடைசியில் அலுத்துப்போய், "சரி, ராத்திரி இன்னா சாப்டுற? அதயாவது சொல்லு" என்றாள்.

"ராத்திரி சாப்பாடே கெடையாதுக்கா. பொழுது சாஞ்சா பச்சத்தண்ணிகூடத் தொடமாட்டேன்."

"இன்னாது?"

"அது எங்க சமணத்து வழக்கம், ஆனா வீட்ல இப்ப யாரும் அவ்ளோ கண்டிப்பா இல்ல. நான்தான் வேண்டிக்கினேன். இந்த நோய் இருக்குதுன்னு நீங்க சொன்னதும் மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போயி, எம்புள்ளைக்கு வராம காப்பாத்து சாமின்னு வெரதம் எடுத்தேன். மாத்திரைய படுக்கப் போறப்பதான் போடணும், நேரம் மாறவே கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. தெனம் கையில எடுப்பேன். தண்ணி குடிக்கணுமேன்னு திரும்ப வெச்சுடுவேன். எத வுட்டா புள்ளைக்கு ஆவாதுன்னு தெரியாம ராவெல்லாம் அழுவேன்க்கா."

முன்பெல்லாம் எல்லோருக்கும் கொடுத்த மாத்திரை தலை சுற்றும், அதனால் ராத்திரியில் போடச் சொல்வார்கள். மாத்திரை மாறிப்போயிற்று, ராத்திரி என்று சொல்லிப் பழகிய அன்புக்கரசியின் வாய் மாறவில்லை. தலையில் அடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். எந்த நேரமானாலும் சரி, தினமும் அதே நேரமாக இருந்தால் போதும் என்றார் அவர். அன்புக்கரசி ஓட்டமாகத் திரும்பி வந்தாள்.

"அடி பைத்தியமே, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? நானாச்சும் கேட்டிருக்கணும். பொழுது விடிஞ்சதும் போட்டுக்க. வெரதமும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ஜினிஷா ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் போட்டாள். வளைகாப்பன்று வீடு நிறைய ஆட்கள் இருக்க, குளியலறையில் நின்று போட்டாள். இடுப்பு வலி எடுத்து வந்த காலையிலும், "அக்கா, மாத்திர" என்றுதான் முதலில் கேட்டாள். யப்பா, என்ன பெண் இவள் என்று அன்புக்கரசி மலைத்துப் போனாள். எத்தனையோ பேரைக் கெஞ்சிக் கூத்தாடிப் போடவைத்தவள், இப்படி ஒரு பிடிவாதத்தைக் கண்டதேயில்லை.

பெண் குழந்தை பிறந்தது. மதுமிதா. இடையில் எடுத்த சோதனைகளெல்லாம் நல்லபடியாக வந்தன. ஆனாலும் பால் மறந்தபின், ஒன்றரை வயதில் எடுப்பதுதான் கடைசி சோதனை. அதுவரை யாரும் நிம்மதியாக மூச்சு விட முடியாது.

அந்த முடிவு வந்த அன்று அன்புக்கரசி காகிதத்தைப் பிரித்தாள். எத்தனையோ தாய்மாருக்குச் சொன்ன சேதிதான், அன்றைக்குச் சொல்வதற்குள் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. அதைப் பார்த்த ஜினிஷா குழந்தையை இறுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, இல்லடி! ஒண்ணுமில்ல! கொழந்தைக்கு ஒண்ணுமே இல்லடி!"

ஜினிஷாவுக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. திமிறுகிற மகளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள்.

"எங்கிட்டதானேக்கா பால் குடிச்சா? என் ரத்தத்துலதானே வளந்தா?"

அன்புக்கரசி அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமாண்டி," என்றாள். "உன் ரத்தத்துலதான்."