சத்துக்காகத் தந்த சாக்லேட்

மகளை டாக்டரிடம் காட்டினேன் என்று மனைவியிடம் பொய் சொன்னேன். காட்டவில்லை. ஒரு துண்டு சாக்லேட்டைக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எங்கள் செக்‌ஷனில் யார் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தாலும் மேஜைதோறும் சாக்லேட் வைப்பது வழக்கம். அந்த முறை ராகவன் கொண்டுவந்தது கறுப்பு. கசந்தது. எல்லோரும் முகம் சுளித்தார்கள்.

"இதோட அருமை தெரியாதுய்யா உங்களுக்கு. இரும்புச்சத்து. இதயத்துக்கு நல்லது. அங்க மலையேறுறவன் கட்டுச்சோறா கொண்டு போறான்? இதைத்தான் பையில வச்சிருக்கான்" என்றார்.

மிச்சத்தை நான் வாங்கிக்கொண்டேன். கசப்பு என்றால் மருந்து... நிலவேம்பு குடித்து வளர்ந்த நாக்கு வேறெப்படி நினைக்கும்?

வித்யாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இளைத்துக்கொண்டே போனாள். ஓயாமல் தண்ணீர் குடித்தாள்.

"இன்னிக்காவது டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி சரோஜா.

கம்பெனி டிஸ்பென்சரி வாசல்வரை போனோம். வரிசை நீளம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அதுவல்ல. நோயின் பெயரைக் கேட்க எனக்குத் தைரியமில்லை! ஸ்கூட்டரைத் திருப்பி, ஒரு மரத்தடியில் நிறுத்தி, சாக்லேட்டை உடைத்துக் கொடுத்தேன்.

"சேதுகா உந்தி, டாடி." கசக்கிறதாம். தெலுங்கு ஊரில் பிறந்து வளர்ந்தவள்; வீட்டுக்கு வெளியே அவளுக்குத் தெலுங்குதான்.

"கசந்தாத்தான் சத்து. முழுங்கு."

வீட்டில், "வெறும் பலவீனம்தான்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றேன். வித்யா என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போனாள்.

அடுத்த வாரம் பள்ளியில் மயங்கி விழுந்தாள். சர்க்கரை நோய் என்றார்கள். முன்பே வந்திருந்தால் இவ்வளவு முற்றியிருக்காது என்றார்கள்.

பிழைத்தாள். தினமும் ஊசி. ஊசி எப்படியும் வந்திருக்கும். ஆனால் அவள் நினைவின்றிக் கிடந்தாளே... அது நான் கொடுத்தது. சாக்லேட்டின் மேல் குற்றமில்லை. இதயத்துக்கு நல்லதாகவே இருக்கட்டும். ஒரு நல்ல பொருளின் பின்னால் இப்படியும் ஒளிந்துகொள்ள முடியுமா?

சரோஜா இன்றும் டிஸ்பென்சரி டாக்டரைத்தான் சபிக்கிறாள். போன ஞாயிறு மாரெட்பள்ளி கடைத்தெருவில், வித்யா சற்றுப் பின்னால் வர நாங்கள் இருவரும் நடந்துகொண்டிருந்தபோது, அவரே எதிரில் வந்தார்.

"பொண்ணு எப்படிம்மா இருக்கா?"

"நீங்க பார்த்து அனுப்பின லட்சணத்துக்கு, ஏதோ உயிரோட இருக்கா."

"நானா? எப்போ பார்த்தேன்?"

அவர் என் பக்கம் திரும்பினார். சரோஜாவும் திரும்பினாள். 

வித்யா, அபூர்வமாகத் தமிழில், "ஆட்டோ வந்துடுச்சு, வாங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்தாள்.

தெருவில் ஆட்டோ எதுவும் இல்லை. ஆனாலும் முதலில் நடக்கத் தொடங்கியவன் நான்தான்.