அய்யா போட்ட கிடை

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு கோடை. மதுரையில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, திருமங்கலம் தாண்டியதும் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. ஊசிப்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் அசைந்த மேய்ச்சல் தரிசு முழுக்கச் சீமைக்கருவை ஆளுயரம் நின்றது. அடியில் ஒரு புல்லும் இல்லை.

"இம்புட்டு வறட்சியிலயும் என்னமா பச்சை பாரு!" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டில் அய்யா ஒரு செய்தி வைத்திருந்தார். எங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். மறுநாள் எங்கள் புஞ்சையில் கிடை போடப்போகிறாராம். ஒரு மந்தை ஆட்டை ராத்திரிகளில் அங்கேயே அடைத்தால் புழுக்கை உரமாகும். ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுதவருக்கு அதுதான் முதல் சொந்த மண். அதில் கிடை போட்டுப் பார்ப்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அந்த வருஷம் ஆடுகள் தின்றதெல்லாம் கருவை நெற்றுதான். மதுரையில் கோச்சடைப் பக்கம் ஆடுகள் படுத்தெழுந்த இடத்தில் கருவைக் கன்றுகள் கும்பலாக முளைத்திருந்ததைப் பார்த்திருந்தேன். அங்கிருந்த புழுக்கையை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியில் வைத்ததில் உள்ளிருந்த விதை முளைவிட்டது.

"வேணாம்யா. விதை செரிக்காமத்தான் வெளிய வருது. நம்ம புஞ்சை முள்ளுக்காடாயிரும்."

"போடி. கிடை போட்டவனெல்லாம் முட்டாப்பயலா?"

மந்தையோடு வந்த கீதாரியின் முன்னாலேயே புழுக்கையை உடைத்து விதையைக் காட்டினேன்.

"ஏந்தாயி, புழுக்கை பொறுக்கவா மதுரையில காலேசு கட்டி வச்சிருக்காக?" என்றார் அவர். அய்யாவும் சேர்ந்து சிரித்துவிட்டார். கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. கிடை போட்டார்கள்.

ஹாஸ்டலுக்குப் போன பிறகும் மனம் புஞ்சையிலேயே கிடந்தது. மழை பெய்ய வேண்டும் என்றும், பெய்யக் கூடாது என்றும் நினைத்தேன். வானம் இருட்டினால் வகுப்பில் பாடம் காதில் ஏறாது.

ஐப்பசியில் பெய்தது. விதைப்பு முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் போக முடிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே புஞ்சைக்கு நடந்தேன். சோளம் எந்த வருஷமும் இல்லாத செழிப்பில் கிளம்பியிருந்தது. அதன் நடுவே எங்கு பார்த்தாலும் கருவைக் கன்றுகள்.

அம்மா களைக்கொத்தோடு நிமிர்ந்தாள். "நீ சொன்னது பலிச்சிருச்சு. இப்பச் சந்தோசமா?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. "கொத்தாதம்மா. மேல அறுத்தா மறுபடி தழைச்சிரும். ஈரம் காயறதுக்குள்ள வேரோட பிடுங்கணும்" என்று வரப்பில் அங்குமிங்கும் ஓடிக் கத்தினேன்.

அய்யா ஒரு கன்றைப் பிடுங்கி, வேர் தெரிய என் பக்கம் தூக்கிக் காட்டினார். தலையசைத்தேன். அடுத்ததையும் காட்டினார். அதற்கடுத்தது பாதி வேரோடு அறுந்து கையில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து, மீதி வேருக்காக விரலால் மண்ணைத் தோண்டத் தொடங்கினார்.