மொட்டைத்தலை அருளப்பர்

அறுபதுகளில், தாம்பரத்தில் நான் படித்த கன்னியர் பள்ளியில் கனடாவிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் இருந்தார். தாய்மொழி பிரெஞ்சு. தமிழைப் பள்ளிக்கூடத்து ஆயாவிடம் கற்றுக்கொண்டவர். எங்கள் வீட்டில் பேசினால் வாயிலேயே அடி விழும் மெட்ராஸ் பாஷை அவருக்குச் சரளமாக வரும். அதனாலேயே எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

ஜூன் இருபத்துநான்கு அவர் ஊரில் பெரிய திருநாள். இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அருளப்பரின் பிறந்தநாள். அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். வருடத்தின் நீண்ட பகலைக் கொண்டாட, கிறிஸ்தவ வேதம் வருவதற்கு முன்பே பிரான்ஸ் தேசத்துக் குடியானவர்கள் நெருப்பு மூட்டினார்களாம். பின்னால் வந்த திருச்சபை அந்த நெருப்பை அணைக்காமல், அருளப்பர் பேருக்கு மாற்றிவிட்டதாம். கப்பலேறிப் போனவர்கள் அதைக் கனடாவுக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடுவே, நாங்களும் இருக்கிறோம் என்று காட்டும் நாளாக அது ஆயிற்று. ஆற்றங்கரையில் நெருப்பு, பாட்டு, பிறகு ஊர்வலம். ஊர்வலத்தில் சுருட்டைமுடிச் சிறுவன் ஒருவன் அருளப்பர் வேஷத்தில் ஆட்டுக்குட்டியோடு வருவான். அந்தச் சிறுவனும் குட்டியும் போதும் என்று அந்த ஊர்க்காரர்களே பிற்பாடு நிறுத்திவிட்டதாகக் கேள்வி. தாம்பரத்துக்கு அந்தச் சேதி வரவில்லை; எங்கள் பள்ளியில் சிஸ்டர் வருடாவருடம் அதை நடத்தினார்.

"வெயில் வந்தா கொண்டாடுவீங்களா சிஸ்டர்?" என்று கத்திரியில் வெந்த நாங்கள் சிரிப்போம்.

"ஆறு மாசம் பனில கெடந்து பாரு, அப்பத் தெரியும்" என்பார்.

எனக்கு எட்டு வயது. ஏப்ரலில் பரீட்சை முடிந்த அன்று அவர் என் தலையில் கைவைத்து, "இந்த வருசம் நீதான் அருளப்பரு" என்றார். என் முடி சீப்பை உடைக்கும் சுருட்டை. அதற்காக வீட்டில் வசவு வாங்காத நாள் இல்லை. அதற்காகவே ஒருவர் என்னைத் தேர்ந்தெடுத்ததும் தலைகால் புரியவில்லை.

மே மாதம் அம்மா என்னை வேளாங்கண்ணிக்கு இழுத்துப்போனாள். எனக்கு டைபாய்டு வந்தபோது அவள் நேர்ந்துகொண்ட மொட்டை. "ஜூன் முடிஞ்சு போலாம்மா" என்று கெஞ்சினேன்.

"மாதாவுக்கு நேந்துகிட்டதை உன் டிராமாவுக்காகத் தள்ளி வைப்பாங்களாடி?"

பள்ளி திறந்த அன்று சிஸ்டர் என் தலையை ஒரு நிமிஷம் பார்த்தார். "அருளப்பரு நீதான். அதுல மாத்தமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு யாராக இருந்தாலும் வேறு பிள்ளையைப் பார்த்திருப்பார்கள். எனக்கென்னவோ, பரிதாபப்பட்டுச் சொல்கிறார் என்றே பட்டது.

திருநாளன்று பம்மலில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் ஆட்டுக்குட்டியை இரவல் கொடுத்தார். மைதானத்தில் விறகு அடுக்கியாயிற்று. வேஷத்தோடு வெளியே வந்தேன். "ஆட்டுக்கு இருக்கிற முடிகூட அருளப்பருக்கு இல்லடி!" என்றாள் ஒருத்தி. மைதானமே சிரித்தது. நான் தையல் வகுப்பு அறைக்குள் ஓடி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதேன்.

சிஸ்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "இன்னாத்துக்கு அழுதுகினு கீறே?"

"நான் வரல. சுருட்டை முடி இல்லாம நான் எப்படி சிஸ்டர் அருளப்பர்?"

அவர் குண்டூசிகளை எடுத்துவிட்டு முக்காட்டைக் கழற்றினார். முக்காட்டுக்குள் கன்னியர்களுக்கு முடி உண்டா இல்லையா என்று நாங்கள் பந்தயம் கட்டிய காலம் அது. ஒட்ட வெட்டிய நரைமுடி, அங்கங்கே ஏறுமாறாக இருந்தது.

"எனக்கும் உன்ன மாதிரி சுருட்டதான். கல்யாணத்துக்குப் போனா எல்லாரும் என் முடியதான் பாப்பாங்க" என்றார். "நானும் நேந்துக்கினவதான்டி."

கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். என் தலையைப் போலவே குத்தியது. அவர் சும்மா குனிந்து நின்றார். அவருக்கும் அது போனதில் வருத்தம் இருந்திருக்கிறது என்று அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது.

துண்டை அங்கேயே போட்டுவிட்டு, வெறுந்தலையோடு போய் ஆட்டுக்குட்டியின் கயிற்றைப் பிடித்தேன்.