தார் போட்ட பிறகும் ஆடிய வண்டி

எங்கள் தெருக் குழியைத் திட்டி இங்கே நான் போட்ட பதிவுகள் உங்களுக்கு மறந்திருக்காது. என்னைவிட வயதில் மூத்த என் மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் அந்தக் குழியால்தான் ஆடுகிறது என்று பொங்கியிருந்தேன்.

இன்று காலை தெருவில் புதுத் தார்.

ஜெயித்த திமிரோடு மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வண்டி அதே ஆட்டம் ஆடியது.

செகந்திராபாத்தில் வளர்ந்தவள். தெருமுனையிலேயே இறங்கிவிட்டாள்.

"நக்கோ பா, வேணாம். ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு. இப்ப யாரைத் திட்டுவே? நான் பஸ்லயே போறேன்."

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தேன். விழப்போகிற பல்லைப் போல ஆடியது. பேரிங் போயிருந்தது. இத்தனை நாளும் அவளை அதன்மேல் உட்காரவைத்து, அரசாங்கத்தைத் திட்டியபடி ஓட்டியிருக்கிறேன்.

சக்கரத்தைக் கழற்றி, பழையதைத் தட்டி எடுத்து, புது பேரிங் மாட்டினேன். ஆட்டம் நின்றது.

மாலையில், "பேரிங்தான் போயிருந்துச்சு. சரி பண்ணிட்டேன், ஏறு" என்றேன்.

"முதல்ல அதையும் போஸ்ட் போடு. அப்புறம் ஏறுறேன்."

போட்டாயிற்று.

பின்தெருவில் நிஜமாகவே ஒரு குழி இருக்கிறது. அங்கே பெரிய மனிதர் யாரும் குடியில்லாததால் அதை மூட மாட்டார்கள். இதை நம்ப யாராவது மிச்சம் இருக்கிறீர்களா?